அடுப்பு பின்னால், மூக்கு மேற்கே

ஆடி மாதம் குறுக்குச்சாலையிலிருந்து ஓட்டப்பிடாரம் வரை ரோட்டோரம் நிற்கிற டிபன் வண்டிகளைப் பார்த்துக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு வண்டியிலும் அடுப்பைச் சுற்றி ஏதாவது ஒன்று கட்டியிருக்கும். உரச்சாக்கு, பழைய பிளெக்ஸ் பேனர், எண்ணெய் டின்னை வெட்டி விரித்த தகரம், எது கையில் கிடைத்ததோ அது. அப்படியும் தீ ஒருபக்கமாகச் சாய்கிறது. தோசைக்கல்லில் கிழக்குப் பாதி கருகும்போது மேற்குப் பாதி வெள்ளையாகவே கிடக்கிறது. சிலிண்டர் சீக்கிரம் காலியாகிறது. மாவுச் சட்டியில் புழுதி விழுகிறது. இதெல்லாம் காற்றின் குற்றம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனி, ஆடியில் இங்கே மேல்காற்று அடிக்கும் என்பது நம் முப்பாட்டனுக்கும் தெரியும். தெரிந்த காற்றுக்கு எதிராகக் கதவை வைத்துக் கட்டினது நாங்கள், பட்டறைக்காரர்கள்.

நான் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். அப்பா மாட்டுவண்டி செய்த ஆசாரி. எனக்கு டிராக்டர் பெட்டி, தள்ளுவண்டி, குட்டியானைக்குப் பின்கட்டு என்று இரும்பில் வேலை. நாலைந்து வருஷமாகப் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. காருக்கோ ஜீப்புக்கோ பின்னால் கோத்து இழுத்துப் போகிற சின்னப் பெட்டி வேண்டும், உள்ளே இரண்டு பேர் படுக்கவேண்டும், சமைக்கவும் வேண்டும் என்று இளவட்டங்கள் செல்போனில் படத்தோடு வருகிறார்கள். இருக்கன்குடிக்குப் போக, ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போய்த் தங்க, அப்படியே ஊர் சுற்ற. டிபன் வண்டி கேட்கிறவரானாலும் சரி, இந்தப் பெட்டி கேட்கிறவரானாலும் சரி, என் பதில் ஒன்றுதான். சமையல் பின்பக்கம் இருக்கட்டும், கதவு மேலே தூக்கட்டும், படுக்கைக்கும் அடுப்புக்கும் நடுவே ஓட்டையில்லாத சுவர் நிற்கட்டும். கரிசல் காட்டில் வேறு எப்படிக் கட்டினாலும் சமைக்கிறவருக்குப் பாடு, சில நேரம் உயிருக்கே ஆபத்து.

செல்போன் படத்தில் வருவது அமெரிக்காவில் 1930-களில் பிறந்த வண்டி. பக்கவாட்டில் பார்த்தால் நீர்த்துளியைப் படுக்க வைத்த வடிவம், முன்னால் உருண்டை, பின்னால் சரிவு. நாலடிக்கு எட்டடி பிளைவுட் பலகைதான் அதன் அளவைத் தீர்மானித்தது. நீளம் எட்டடி, உயரம் நாலடி, உள்ளே ஒரு மெத்தை, அவ்வளவுதான். இரண்டாம் உலகப்போர் முடிந்த பிறகு அங்கே பத்திரிகைகள் வரைபடம் போட, ஜனங்கள் வீட்டுக் கொல்லையிலேயே அடித்துக் கட்டினார்கள். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது என்பதால் சமையலை வெளியே தள்ளினார்கள். பின்பக்க மூடியைத் தூக்கினால் அதுவே கூரை, கீழே மேடை, மேடைக்குக் கீழே தட்டுமுட்டுச் சாமான்.

அதற்கும் முன்னால், 1866-இல், டெக்சாஸில் சார்லஸ் குட்நைட் என்ற மாட்டுப்பண்ணைக்காரர் பல நூறு மைல் மாடு ஓட்டிப் போகிற ஆட்களுக்காக ஒரு சமையல் வண்டி செய்தார். பழைய ராணுவ வண்டியின் வாலில் அலமாரி ஒன்றை வைத்து, அதன் மூடியைக் கீழே விழும்படி அமைத்தார். விழுந்த மூடிக்கு ஒரு கால் கொடுத்தால் மேசையாகிவிடும். நம்மூருக்குக் கீழே விழும் மூடி உதவாது. இங்கே முதலில் வேண்டியது நிழல். பங்குனி வெயிலில் பதினோரு மணிக்கு அடுப்பு முன்னால் நிற்கிற பெண்ணுக்கு மேசை எங்கேயும் கிடைக்கும், தலைக்கு மேல் கூரைதான் கிடைக்காது. ஆகவே கீல் மேலே, கதவு வானத்தைப் பார்த்து.

பக்கவாட்டில் கதவு வைக்கச் சொல்கிறவர்களிடம் நான் கேட்பது, “எந்த ரோட்டில், எந்தப் பக்கம் நிறுத்துவீர்கள்?” என்றுதான். புதியம்புத்தூரில் ரெடிமேட் கம்பெனி விடுகிற நேரத்துக்கு டிபன் விற்கிற ஒரு தங்கச்சி வந்தார். “அண்ணாச்சி, மெட்ராஸ்ல எல்லாம் பக்கத்துலதான் திறக்குது. அதுமாதிரி வச்சுக் கொடுங்க. ராத்திரி குறுக்குச்சாலைக்கும் கொண்டுபோவேன்” என்றார். தரையில் சாக்பீஸால் ரோட்டை வரைந்தேன். தூத்துக்குடியிலிருந்து மதுரை போகிற நாற்கரச் சாலை குறுக்குச்சாலையைத் தாண்டி வடமேற்காக எட்டயபுரம் பக்கம் போகிறது. மதுரை பார்த்து இடதோரம் ஒதுக்கினால், லாரி போகாத பக்கம் எது? இடப்பக்கம். அங்கேதான் ஆள் நிற்க முடியும், அங்கேதான் கதவைத் திறக்கவேண்டும். அந்தக் கதவு எந்தத் திசையைப் பார்க்கும்? நேர் தென்மேற்கை. ஆடிக்காற்று வருகிற வாசலே அதுதான். “அப்ப காத்துக்குப் பந்தல் போட்டுக் கொடுத்த மாதிரில்ல ஆயிரும்” என்றார் அவரே.

இந்தக் காற்றைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. ஆரியங்காவுக் கணவாயும் ஆரல்வாய்மொழிக் கணவாயும் மலைக்கு அப்பாலிருந்து பிடித்துத் தள்ளுகிற காற்று இது. வழியில் தடுக்க மரம் இல்லை, மேடு இல்லை. இந்தியாவில் காற்றாலைப் பண்ணை என்று தொடங்கிய 1986-ஆம் ஆண்டிலேயே முதல் சில இடங்களில் ஒன்றாகத் தூத்துக்குடியைத் தேர்ந்தெடுத்தார்கள். கயத்தாறில் காற்றாலைகளைச் சோதிக்கிற நிலையமே இருக்கிறது. அரசாங்கம் கரண்டு எடுக்கத் தேடி வந்த காற்றில்தான் நாம் கடுகு தாளிக்கிறோம்.

தூக்கின கதவு அந்தக் காற்றில் என்ன ஆகும் என்று கணக்குப் போடலாம். ஐந்தடி அகலம், நாலடி நீளம் என்றால் இருபது சதுர அடி. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகக் காற்று முகத்தில் அடித்தால் அந்தக் கதவின் மேல் விழுகிற விசை ஏறக்குறைய 17 கிலோ எடை. காற்று 60-க்கு ஏறினால் 38 கிலோ. வேகம் ஒன்றரை மடங்கு கூடும்போது விசை இரண்டேகால் மடங்கு கூடுகிறது. கீலைப் பிய்த்துக்கொண்டு போவது இப்படித்தான். இதே கதவு வண்டிக்குப் பின்னால் இருந்து, வண்டியின் மூக்கு மேற்கே பார்த்து நின்றால், பெட்டி முழுவதும் கதவுக்கு மறைப்பு. காற்று பெட்டியில் மோதி இரண்டு பக்கமும் பிரிந்து போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும். அப்போது மூக்கை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். பக்கவாட்டுக் கதவுக்கு இந்தச் சுதந்திரம் இல்லை. ரோடு எப்படிப் போகிறதோ அப்படித்தான் அது நிற்கும்.

எங்கே நிறுத்துவது என்பதையும் சொல்லவேண்டும். மூக்கு மேற்கே என்றால் அடுப்பு கிழக்கே. மதுரை போகிற பக்கத்தில் இப்படி நிறுத்தினால் சாப்பிடுகிறவர்கள் வண்டிக்கும் ரோட்டுக்கும் நடுவே நிற்பார்கள், அது கூடாது. எதிர்ப்பக்கம், தூத்துக்குடி போகிற வழியில், ரோட்டைவிட்டு நன்றாக இறங்கி நிறுத்துங்கள். மூக்கு ரோட்டைப் பார்க்கும், அடுப்பு காட்டுப்பக்கம் இருக்கும். காற்றுக்கும் மறைப்பு, லாரிக்கும் மறைப்பு. இன்னொன்று. பின்விளக்கையும் சிவப்புப் பிரதிபலிப்பானையும் கதவில் பொருத்தாதீர்கள். கதவைத் தூக்கினதும் அவை வானத்தைப் பார்க்கும், இருட்டில் பின்னால் வருகிறவனுக்கு வண்டியே தெரியாது. பெட்டியின் இரண்டு ஓரத் தூணில் பொருத்துங்கள்.

இனி கீல். பார்க்கச் சின்ன விஷயம், எல்லாமே அதில்தான் இருக்கிறது. சக்கரத்தோடு சேர்த்துப் பெட்டியின் கூரை தரையிலிருந்து ஐந்தரை அடி வரும். கூரையின் கடைசி விளிம்பில் கீல் வைத்துக் கதவைப் படுக்கை வாட்டத்தில் தூக்கினால், நுனியும் ஐந்தரை அடியில் நிற்கும், ஆம்பளை நெற்றி இடிக்கும். ரொம்ப முன்னால், படுக்கைக்கு மேல் கொண்டுபோய் வைத்தால் கதவு நீண்டு கனத்துவிடும். மழைக்குக் கீல் ஒழுகினால் தலையணையில் சொட்டும். நடுச்சுவருக்கு நேர் மேலே, சுவரைவிட்டு இரண்டு விரற்கடை சமையல் பக்கம் தள்ளி வைப்பதுதான் சரி. அந்த இடத்தில்தான் கூரையைத் தாங்கக் குறுக்குச் சட்டம் இருக்கிறது, கதவின் பாரம் நேராக அதில் இறங்கும். கசிந்தாலும் சமையல் மேடையில் சொட்டும், படுக்கையில் சொட்டாது. அங்கிருந்து நாலடிக் கதவின் நுனியை ஒன்றேகால் அடி தூக்கினால் ஆறே முக்காலடி கிடைக்கிறது. எந்த உயரக்காரரும் நிற்கலாம்.

நுனி உயர்ந்தால் மழைத்தண்ணீர் கீலுக்குத்தான் ஓடிவரும். அதற்கு ஓட்டுக்கூரையைப் பார்த்துப் படித்துக்கொள்ளலாம். மேல் ஓடு கீழ் ஓட்டை மூடுகிறதே, அப்படிக் கூரைத் தகரம் கீலைத் தாண்டிக் கதவின் மேல் நாலு விரற்கடை ஏறி நிற்கவேண்டும். அது கதவு மூடியிருக்கும்போது, ஓட்டத்தில் நனையும்போது. திறந்திருக்கும்போது வருகிற தண்ணீருக்குக் கீலுக்கு அடியில் தகரத்தை வாய்க்காலாக மடித்து, இரண்டு ஓரமும் திறந்துவிடுங்கள். தண்ணீர் பக்கவாட்டில் விழுந்துவிடும். கீல் துண்டு துண்டாக வேண்டாம், முழு அகலத்துக்கும் ஒரே பியானோ கீல். கார் டிக்கியில் வருகிற கேஸ் ஷாக் எல்லோரும் கேட்கிறார்கள். போடலாம், ஆனால் அதை நம்பி அடியில் நிற்கவேண்டாம். வெயில் ஏறினால் அதன் தள்ளல் கூடும், வருஷம் ஏறினால் குறையும். ஒரு முட்டுக்கம்பி அவசியம், கொக்கியில் மாட்டிப் பூட்டுகிற மாதிரி. தலைக்கு மேல் தொங்குவது பதினைந்து கிலோ இரும்பு, கீழே கொதிக்கிற எண்ணெய்.

மேடை உயரத்துக்கு வெளிநாட்டு வரைபடத்தைப் பார்க்காதீர்கள். அவர்கள் 36 அங்குலம் போடுகிறார்கள். அதன்மேல் அடுப்பு, அதன்மேல் குக்கர் வைத்தால் நம் வீட்டுப் பெண்கள் எட்டி நின்று கிண்டவேண்டும். வண்டியில் சமைக்கப்போகிறவரையே பட்டறைக்குக் கூட்டிவரச் சொல்கிறேன். முழங்கையை மடக்கச் சொல்லி, அதிலிருந்து ஒரு சாண் கீழே அடுப்பின் மேல்விளிம்பு வருகிற மாதிரி மேடையைக் குறிக்கிறேன். ஆம்பளைகள் மட்டும் வந்து ஆர்டர் கொடுக்கிற வீட்டில் இந்த அளவு தப்பாமல் தப்பும்.

பின்னால் சமையல் வைப்பதில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. புழுதி. வண்டி ஓடும்போது பின்னால் காற்று வெற்றிடமாகிச் சுழல்கிறது, காட்டுப்பாதைக் கரிசல் தூசியெல்லாம் பின்கதவு இடுக்கைத் தேடி வருகிறது. ஒரு வரிசை ரப்பர் பீடிங் போதாது, இரண்டு வரிசை வேண்டும், கதவை இறுக்கிப் பிடிக்க இரண்டு ஓரமும் தாழ்ப்பாள் வேண்டும். இடமும் குறைவுதான், ஐந்தடி அகலத்தில் இரண்டு பேருக்கு மேல் நின்று வேலை செய்ய முடியாது. கட்டடங்களுக்கு நடுவே, காற்று படாத டவுன் தெருவில் நூறு பேருக்கு வேகமாகப் பரிமாறுகிறவருக்குப் பக்கவாட்டுக் கதவுதான் லாபம். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நிற்கிறவரிடம் நான் வாதாடமாட்டேன். வெட்டவெளியில் நிற்கிறவருக்குச் சொல்கிறேன்.

பெரிய குறை பாரம். அப்பா வண்டி ஏற்றும்போது முன்பாரம், பின்பாரம் என்று நாள் முழுக்கப் பேசுவார். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே எழும்பும், பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். முன்பாரம் கூடினால் கழுத்து புண்ணாகும். கொஞ்சம் முன்பாரம் இருந்தால்தான் மாடு நிம்மதியாக இழுக்கும் என்பது அவர் கணக்கு. காருக்குப் பின்னால் கோக்கிற பெட்டிக்கும் அதே கணக்குதான். மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் கொக்கியில் அழுந்தவேண்டும். 500 கிலோப் பெட்டி என்றால் 50-லிருந்து 75 கிலோ. அது குறைந்தால் வேகத்தில் பெட்டி வாலை ஆட்டும், இழுக்கிற காரையும் சேர்த்து ஆட்டும். வீட்டுச் சிலிண்டர் நிறைந்தது 30 கிலோ வரும், இரண்டு தண்ணீர்க் கேன் 40 கிலோ, பாத்திரம் பண்டம் எல்லாம் சேர்ந்தால் பின்னால் நூறு கிலோவைத் தொடும். ஆகவே அச்சை நடுவிலிருந்து பின்னுக்குத் தள்ளிப் போடவேண்டும், தண்ணீரை மூக்கில் வைத்துக் குழாய் போட்டுப் பின்னால் கொண்டுவரவேண்டும். படத்தைப் பார்த்து அச்சை நட்டநடுவில் அடித்துக் கொடுக்கிற பட்டறைகள் உண்டு. வாங்குகிறவர் கொக்கியைக் கையால் தூக்கிப் பார்த்து வாங்கட்டும். லேசாக வந்தால் வண்டி சரியில்லை.

இவ்வளவு பேசியும் மனதில் முதலில் நிற்பது நடுச்சுவர்தான். 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலையில் மதுரை ரயில் நிலையம் பக்கத்தில் நிறுத்தியிருந்த சுற்றுலா ரயில்பெட்டி எரிந்து, லக்னோவிலிருந்து கோயில் கோயிலாக வந்த யாத்திரிகர்களில் ஒன்பது பேர் இறந்தார்கள். அனுமதியில்லாமல் உள்ளே கொண்டுவந்த கேஸ் சிலிண்டர்தான் காரணம் என்று ரயில்வே சொன்னது. நாகர்கோவிலில் புனலூர்–மதுரை எக்ஸ்பிரஸில் கோத்து வந்த பெட்டி அது. அந்த ராத்திரி நம் கோவில்பட்டி வழியாகத்தான் போயிருக்கிறது. படுக்கிற இடத்துக்குள்ளேயே அடுப்பு மூட்டினார்கள். ஊர்விட்டு ஊர் வந்த குடும்பத்துக்கு விடியற்காலையில் ஒரு வாய் டீ வேண்டியிருந்தது, அதில் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் ஜனமும் வேன் பிடித்துப் போகும்போது சிலிண்டரை சீட்டுக்கு அடியில் படுக்கப்போட்டுத்தான் கொண்டுபோகிறது.

சமையல் கேஸ் காற்றைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனம். கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும், படுத்திருக்கிறவர் மூக்கு இருக்கிற உயரத்துக்கு. ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்பது இதனால்தான் பொய். சிலிண்டர் நடுச்சுவருக்கு வெளியே, நிமிர்ந்து, பட்டை போட்டு நிற்கவேண்டும். அது நிற்கிற அறையின் தரையில் கைகொள்ளுகிற அளவுக்கு ஓட்டைகள் வேண்டும். நடுச்சுவரில் ஒயர் போகிற துளையைக்கூட அடைத்துவிடவேண்டும். உள்ளேயிருந்தே பாத்திரம் எடுக்க ஒரு சின்ன ஜன்னல் வைத்துக் கொடுங்கள் என்று கேட்கிறவர்களுக்கு நான் முடியாது என்று சொல்லிவிடுகிறேன். படுக்கைக்கு இரண்டு பக்கமும் ஆளுக்கொரு கதவு கட்டாயம், வெளியே தாழ்ப்பாள் கிடையாது.

சட்டத்தையும் மறக்கவேண்டாம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவான வண்டியைத் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாற்றத் தடை போடுகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. ஆகவே குட்டியானையில் கதவு வெட்டுவதற்கு முன்னால் ஆர்.டி.ஓ. அலுவலகம், அப்புறம் பட்டறை. டிராக்டர் பெட்டியில் ஆள் ஏற்றிக் கோயிலுக்குப் போவதும் குற்றம்தான், அதில் எத்தனை குடும்பம் கவிழ்ந்திருக்கிறது என்பது இந்தப் பக்கத்து ஜனத்துக்குத் தெரியும்.

அதிகாரிகளிடம் கேட்பது அதிகமில்லை. உணவுப் பாதுகாப்புத் துறை டிபன் வண்டிக்குப் பதிவு கொடுக்கும்போது தண்ணீரையும் கையுறையையும் பார்க்கிறது. சிலிண்டர் எங்கே நிற்கிறது, அதன் அடியில் ஓட்டை இருக்கிறதா என்பதையும் குனிந்து பார்க்கட்டும். கடன் கொடுத்து வண்டி வாங்கவைக்கிற வங்கிகளும் திட்டங்களும் எந்த ஊருக்கு, எந்த ரோட்டுக்கு என்று கேட்டு வண்டியின் அமைப்பைத் தீர்மானிக்கட்டும். எல்லா மாவட்டத்துக்கும் ஒரே வரைபடம் சரிவராது.

கோயில் நிர்வாகங்களிடமும் ஒன்று கேட்கிறேன். இருக்கன்குடியில் ஆடிக் கடைசி வெள்ளிக்கு அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற அந்த வெளியில் வண்டிகள் நினைத்த பக்கமெல்லாம் நிற்கின்றன. ஒரு வண்டியின் அடுப்புத் தீ அடுத்த வண்டியின் தார்ப்பாயை நக்குகிற தூரத்தில் ஜனங்கள் சமைக்கிறார்கள். காற்று முழுவேகத்தில் அடிக்கிற மாதம் அது. வண்டி நிறுத்துகிற இடத்தில் வடக்கு தெற்காகச் சுண்ணாம்புக் கோடு போட்டு, எல்லா வண்டியும் மூக்கை மேற்கே வைத்து வரிசையாக நிற்கட்டும். ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவே முப்பதடி விடட்டும், சமையலெல்லாம் அந்த இடைவெளியில் நடக்கட்டும், தீயணைப்பு வண்டி வந்தாலும் அதற்குள்ளேயே போகலாம். நாலு மூட்டைச் சுண்ணாம்பும், கோடு போடத் தெரிந்த இரண்டு ஆளும் போதும். ஆள் கிடைக்கவில்லை என்றால் என் பட்டறைப் பையன்களை நானே கூட்டிவருகிறேன்.